எடையன்திட்டுக்குப் பாய்மரப் படகு வேண்டும்

கடப்பாக்கத்தை ஒட்டிய ஆலம்பரைக் கோட்டைக்கு விடுமுறை நாளில் வருகிறவர்கள், இடிந்த மதிலருகே நின்று படம் எடுத்துக்கொண்ட கையோடு தண்ணீர்ப் பக்கம் இறங்குகிறார்கள். அங்கே மீன்பிடிக்கிற ஃபைபர் படகுகள் நிற்கும். தலைக்கு இவ்வளவு என்று பேசி ஏற்றிக்கொண்டு, மோட்டாரை முடுக்கி, கழிமுகத்தின் குறுக்கே ஓட்டிப்போய் எதிரே கடலோர மணல்திட்டில் இறக்கிவிடுவார்கள். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பக் கூட்டிவருவார்கள். சீட்டு கிடையாது. ஏறியவர்கள் எத்தனை பேர் என்று எழுதிவைக்கும் நோட்டு கிடையாது. பல படகுகளில் லைஃப் ஜாக்கெட்டும் இருப்பதில்லை.

இந்தச் சவாரியைத் தடை செய்யுங்கள் என்று கேட்க நான் வரவில்லை. இதைச் சட்டப்படி, அந்தக் கரையின் மீனவக் குப்பத்துக்காரர்கள் கையிலேயே கொடுத்து நடத்தச் சொல்லுங்கள் என்று கேட்கிறேன். மோட்டாரை இறக்கிவிட்டுப் பாயும் கோலும் வைத்து நடத்தச் சொல்கிறேன். எடையன்திட்டுக் கழிமுகத்தையும் அதோடு சேர்ந்த பக்கிங்காம் கால்வாயையும் நம் ஜனங்கள் சுற்றிப்பார்க்கச் சரியான வழி அது ஒன்றுதான் என்று நம்புகிறேன்.

சும்மா விட்டால் என்ன ஆகும் என்பதற்கு வெளியூருக்குப் போக வேண்டியதில்லை. 2011 கிறிஸ்துமஸ் நாளில் பழவேற்காட்டில் சுற்றிப்பார்க்க ஏறிய படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். உறவுக்காரர்களாகச் சேர்ந்து வந்த கூட்டம், குழந்தைகளும் அதில் உண்டு. 2023 மே 7 அன்று கேரளத்தில் தானூரில் கவிழ்ந்த படகிலும் 22 உயிர்கள் போயின. மீன்பிடிப் படகை மாற்றிக் கட்டிச் சவாரிக்கு விட்டிருந்தார்கள். பழவேற்காட்டில் விபத்துக்குப் பிறகு அதிகாரிகள் செய்தது சவாரிக்குத் தடை போட்டதுதான். செத்தவர்கள் செத்தார்கள், பிழைப்பு நடத்தியவர்கள் பிழைப்பை இழந்தார்கள். விபத்து நடக்கும்வரை கண்டுகொள்ளாமல் இருப்பது, நடந்ததும் மொத்தமாக மூடுவது என்ற இந்தப் பழக்கம் ஆலம்பரைக்கும் வந்துவிடக் கூடாது.

நான் திண்டிவனத்துக்காரன். மல்லாட்டைக் கொல்லைகளில் கிணற்றுக்குக் கிணறு போய் டீசல் என்ஜின் பழுது பார்த்துத் தொழில் கற்றவன். அந்தத் தொழிலே என்னை மலேசியாவுக்குக் கொண்டுபோனது. லங்காவித் தீவில் உல்லாசப் படகுகளைக் கரையேற்றிப் பழுது பார்க்கும் ஒரு பட்டறையில் சேர்ந்தேன். பிறகு வாடகைக்கு ஓடும் பாய்மரப் படகுகளிலேயே என்ஜின் ஆளாக வேலை கிடைத்தது. மயிலம் ரோட்டில் பம்புசெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பையனுக்கு, தீவுத் தீவாகச் சுற்றுகிற வேலை. என் வாழ்க்கையின் நல்ல வருஷங்கள் அங்கே போயின.

லங்காவி கெடா மாநிலத்தைச் சேர்ந்தது. நம் சரித்திரப் பாடத்தில் ராஜேந்திர சோழன் படையெடுத்தான் என்று வருகிற கடாரம் இந்தக் கெடாப் பக்கம்தான். பெரிய தீவைச் சுற்றிச் சின்னச் சின்னதாக, எல்லாம் சேர்த்து 99 தீவுகள் என்று கணக்குச் சொல்வார்கள். 1987-இல் அங்கே வரியில்லா வாணிபம் கொண்டுவந்தார்கள். 2007-இல் யுனெஸ்கோ புவிப் பூங்கா என்ற பட்டமும் கிடைத்தது. கார்த்திகை, மார்கழியில் நம் கரை புயலில் அடிபடும்போது அங்கே கடல் குளம் மாதிரி கிடக்கும். ஐரோப்பாவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் சொந்தப் படகில் வருகிறவர்கள் அந்த மாதங்களில்தான் குவா ஊர்ப் பக்கம் நங்கூரம் போடுவார்கள்.

அந்தச் சுற்றுலாக்காரர்களிடம் நான் கவனித்தது ஒன்று உண்டு. என் வேலை என்ஜினை ஓட வைப்பது. அவர்கள் பணம் கொடுத்ததோ அது நிற்கும் நேரத்துக்கு. துறையை விட்டு வெளியே வந்து, காற்று பிடித்து, பாய் விரிந்ததும் கேப்டன் கீழே பார்த்துச் சைகை காட்டுவார். நான் என்ஜினை நிறுத்துவேன். மேல்தளத்தில் அதுவரை உரக்கப் பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். தண்ணீர் பலகையில் உரசுகிற சத்தம் மட்டும் கேட்கும். மணிக்குப் பத்து கிலோமீட்டர் கூட இருக்காது வேகம். அதற்குத்தான் அவ்வளவு பணமும்.

அதே லங்காவியில் இன்னொரு பக்கமும் இருந்தது. தீவின் வடகிழக்கில் கிலிம் என்று ஒரு ஆறு. இரண்டு பக்கமும் சுண்ணாம்புப் பாறை மலை, நடுவே அலையாத்திக் காடு. அங்கே படகுத் துறையை நடத்துவது ஊர்க்காரர்களின் கூட்டுறவுச் சங்கம். மீன் பிடித்துக்கொண்டிருந்த குடும்பங்கள்தான் படகோட்டிகள். அதைப் பார்த்து நான் பொறாமைப்பட்டிருக்கிறேன். காசு வெளியூர்க் கம்பெனிக்குப் போகாமல் கிராமத்திலேயே தங்கியது. ஆனால் படகுகளில் பெரிய பெரிய அவுட்போர்டு மோட்டார்கள். சீறிக்கொண்டு போகும் ஒவ்வொரு படகும் கிளப்பிய அலை சேற்றுக் கரையில் போய் மோதியது. கரை கரைந்தது. வேர் வெளியே தெரிந்தது. பிறகு மரமே தண்ணீரில் சாய்ந்தது. வேகத்துக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தபோது பல இடங்களில் கரை போயிருந்தது. பயணிகளைச் சந்தோஷப்படுத்தக் கோழித் தோலைத் தண்ணீரில் வீசிப் பருந்துகளை வரவழைக்கும் பழக்கமும் அங்கே பரவியது. நம்மூரில் கிருஷ்ணப் பருந்து என்று கன்னத்தில் போட்டுக்கொள்கிறோமே, அந்தச் செம்பருந்து. மீன் பிடித்துத் தின்ன வேண்டிய பறவை மோட்டார் சத்தம் கேட்டதும் கோழித் தோலுக்கு வட்டமிட்டது. சங்கம் ஊர்க்காரர்களுடையதாக இருந்தால் மட்டும் போதாது, எப்படி ஓட்டுவது என்பதையும் முதலிலேயே தீர்மானிக்க வேண்டும் என்று அந்த ஆறுதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தது.

இப்போது நம் தண்ணீருக்கு வருகிறேன்.

விழுப்புரம் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு ரயில் சந்திப்பு. வண்டி மாறும் ஊர். இந்த மாவட்டத்துக்குக் கடற்கரை இருக்கிறது, அதில் 19 மீனவக் கிராமங்கள் இருக்கின்றன என்பது விழுப்புரம் நகரத்துப் பள்ளிப் பிள்ளைகளிலேயே பலருக்குத் தெரியாது. தண்ணீர் காட்ட வேண்டுமென்றால் அவர்களைப் புதுச்சேரிக்கு நோணாங்குப்பம் சுண்ணாம்பாற்றுக்கும், சிதம்பரம் தாண்டிப் பிச்சாவரத்துக்கும் அழைத்துப்போகிறார்கள். திண்டிவனத்திலிருந்து பஸ்ஸில் ஏறினால் ஒரு மணி நேரத்தில் மரக்காணம்.

கழுவெளியைத் தென்னிந்தியாவில் பழவேற்காட்டுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி என்பார்கள். மயிலம், திண்டிவனம், வானூர்ப் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழிந்தால் அந்தத் தண்ணீர் கடைசியில் வந்து சேரும் இடம் அது. அங்கிருந்து உப்புக்கழியாக நீண்டு, மரக்காணம் உப்பளங்களின் ஓரமாகப் போய், எடையன்திட்டு முகத்துவாரத்தில் கடலோடு கலக்கிறது. மழைக்காலத்தில் நல்ல தண்ணீர் உள்ளேயிருந்து வெளியே போகும். வெயில் காலத்தில் கடல் உள்ளே ஏறும். ஒரே ஏரி ஐப்பசியில் ஒரு ருசி, பங்குனியில் ஒரு ருசி. சித்திரை, வைகாசியில் உட்புறம் பல இடங்களில் தரையே தெரியும்.

2021 டிசம்பரில் அரசு கழுவெளியைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. 5,151 ஹெக்டேர். 2024 ஆகஸ்டில் ராம்சார் ஈரநிலப் பட்டியலிலும் சேர்ந்தது. மத்திய ஆசியாவிலிருந்து வலசை வரும் பறவைகளின் பாதையில் இருக்கும் ஏரி. பூநாரை, கூழைக்கடா, ஊசிவால் வாத்து, கருவால் மூக்கன், வகைவகையான உள்ளான்கள், ஆலாக்கள். பனிக்காலத்துக் காலையில் வண்டிப்பாளையம் பக்கம் நின்று பார்த்தால் தூரத்தில் வெளிர் ரோஜா நிறத்தில் ஒரு கோடு தெரியும். கிட்டே போனால் அது பூநாரைக் கூட்டம்.

அந்தக் கோட்டுக்கு நேராக மோட்டார் படகில் போவதை நினைத்துப் பாருங்கள். கூட்டம் எழும்பும். பயணிகள் கைதட்டுவார்கள். ஆயிரக்கணக்கான மைல் பறந்து வந்து, திரும்பிப் போகும் பயணத்துக்காக உடம்பில் கொழுப்பைச் சேர்த்துக்கொண்டிருக்கும் பறவை, எழும்பும் ஒவ்வொரு தடவையும் அதைச் செலவழிக்கிறது. இதனால்தான் சொல்கிறேன்: சரணாலயமாக அறிவித்த ஏரிக்குள் எந்தப் படகும் வேண்டாம், பாய்மரம் கூட வேண்டாம். அங்கே கரையும் தொலைநோக்கியும் போதும். மரக்காணத்தில் பன்னாட்டுப் பறவைகள் மையம் அமைப்பதாக அரசு அறிவித்திருக்கிறது. அந்த வேலையை அது பார்த்துக்கொள்ளட்டும். படகுக்கு நான் கேட்பது கழிமுகமும் கால்வாயும்தான்.

அங்கேயும் மோட்டார் வேண்டாம் என்பதற்குப் பறவையை விடப் பெரிய காரணம் இருக்கிறது. அந்தத் தண்ணீரில் மனிதர்கள் இருக்கிறார்கள். இருளர் பெண்கள் மார்பளவு, சில நேரம் கழுத்தளவு தண்ணீரில் இறங்கி, அடிச்சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள். வலை கிடையாது, படகு கிடையாது. பிடித்ததைப் போட்டுக்கொள்ள ஒரு பறி, அவ்வளவுதான். தூரத்திலிருந்து பார்த்தால் தண்ணீருக்கு மேல் தலை மட்டும் தெரியும். மாலை வெயில் எதிரே அடிக்கும்போது அதுவும் தெரியாது. விசிறி சுழலுகிற மோட்டாரோடு ஒரு படகு அந்த இடத்தில் வேகமாக வந்தால் என்ன ஆகும் என்று என்ஜின்காரனான எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. வெட்டுப்பட்ட கயிறும் வலையும் விசிறியில் எப்படிச் சுற்றிக்கொள்ளும் என்று பார்த்த கை இது.

ஆலம்பரைக் கரையில் எனக்குப் பழக்கமான ஒரு படகோட்டித் தம்பியிடம் இதைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை, கணக்குப் போட்டார். "இன்னாண்ணா நீங்க, மோட்டார்னா ஒரு சாயங்காலத்துக்கு ஆறு ட்ரிப் அடிப்பேன். கோல் ஊனிக்கினு போனா ரெண்டுதான். மீதி துட்ட யாரு குடுப்பா?"

நியாயமான கேள்வி. லங்காவியில் நான் பார்த்த பதிலைச் சொன்னேன். பத்து நிமிஷத்தில் கொண்டுபோய் இறக்கிக் கூட்டி வருகிற சவாரிக்கு ஜனங்கள் பஸ் கட்டணம் மாதிரி பேரம் பேசுகிறார்கள். இரண்டு மணி நேரம் நிதானமாக, கோட்டையைச் சுற்றி, உப்பளத்தின் ஓரமாக, பறவை காட்டி, மணல்திட்டில் இறக்கி நண்டு வறுவலோடு சோறு போட்டு அழைத்துவந்தால் அதற்கு வேறு விலை. பெட்ரோல் செலவு கிடையாது. அந்த நண்டை வீட்டில் சமைக்கிற பெண்ணுக்கும் அதில் வருமானம் உண்டு. அவர் யோசித்தார். "பாய் விரிக்கிறதெல்லாம் எங்க தாத்தாவோட போச்சுண்ணா. சொல்லிக் குடுத்தா கத்துக்குவோம்" என்றார்.

கற்றுக்கொள்ளக் கஷ்டமே இல்லாத கூட்டம் அது. வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று காற்றின் போக்கைப் பார்த்து இன்றைக்குக் கடலுக்குப் போகலாமா என்று முடிவெடுக்கிறவர்கள். தை, மாசி மாதத்தில் காலை வாடையில் ஆலம்பரையிலிருந்து தெற்கே மரக்காணம் பக்கம் தள்ளாமலே இறங்கலாம். மதியத்துக்கு மேல் கடற்காற்று எழும்போது திரும்பலாம். காற்று விழுந்தால் கோல் ஊன்றலாம், ஆழம் அவ்வளவுதான் இருக்கிறது. அடி தட்டையான, அகலமான, எட்டுப் பேருக்கு மேல் ஏற்றாத படகு. ஏற்றத்தில் எங்கே போகலாம், வற்றத்தில் எந்த மணலில் தட்டும் என்று அங்கே பிறந்தவர்களுக்குத்தான் தெரியும். அந்த முகத்துவாரம் ஒரு மழைக்கு இருந்த மாதிரி அடுத்த மழைக்கு இருக்காது. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயலில் மயிலத்தில் ஒரே நாளில் 51 செ.மீ. கொட்டியது. திண்டிவனத்தில் எங்கள் தெருவே ஆறாக ஓடியது. இந்தப் பக்கத்து வெள்ளம் கழுவெளிக்கு வந்து, முகத்துவாரத்தை அறுத்துக்கொண்டு வெளியேறும்போது மணல்திட்டின் வடிவமே மாறிவிடும். வெளியூர்க் கம்பெனி வரைபடத்தை வைத்துக்கொண்டு இங்கே படகு ஓட்ட முடியாது. உரிமத்தைக் குப்பத்துக்குத்தான் கொடுக்க வேண்டும் என்று நான் சொல்வதில் இரக்கம் மட்டும் இல்லை, பாதுகாப்பும் இருக்கிறது.

இந்த வழியில் பயணம் என்பது புதிதும் அல்ல. சிறுபாணாற்றுப்படை என்று நாம் படிக்கிற சங்க நூலே ஒரு பயண வழிகாட்டிதான். ஓய்மா நாட்டு நல்லியக்கோடனிடம் பரிசு பெற்ற பாணன், இன்னொரு பாணனுக்கு வழி சொல்கிறான். முதலில் வருவது எயிற்பட்டினம். அலைகள் கொண்டுவந்து ஒதுக்கிய வாசனை மரக்கட்டைகள் தூங்கும் ஒட்டகம் மாதிரி கிடப்பதாகவும், பரதவர் வீட்டில் சுட்ட மீன் கிடைக்கும் என்றும் அதில் வருகிறது. வழி முடிவது கிடங்கிலில். அந்தக் கிடங்கில் இன்று திண்டிவனம் நகரத்துக்குள் இருக்கும் கிடங்கல். எயிற்பட்டினம் மரக்காணம்தான் என்று ஆய்வாளர்கள் பலர் சொல்கிறார்கள். கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட பெரிப்ளூஸ் நூலில் சோபத்மா என்று வரும் துறையும் இதுவே என்பது அவர்கள் கருத்து. அந்தப் பத்தியில் மரங்களைப் பிணைத்துக் கட்டிய கலங்களைப் பற்றியும், கங்கைக்கும் பொன்நாட்டுக்கும் போன பெரிய கப்பல்களைப் பற்றியும் எழுதியிருக்கிறான் அந்தப் பெயர் தெரியாத மாலுமி. பொன்நாடு என்றது மலேயாப் பக்கம். நான் விமானத்தில் போய் இறங்கிய கரைக்கு, என் ஊர்த் துறைகளிலிருந்து பாய் விரித்துப் போயிருக்கிறார்கள்.

பிறகு கால்வாய். 1806-இல் கொக்ரேன் என்ற வெள்ளைக்காரர் சென்னையிலிருந்து வடக்கே வெட்டத் தொடங்கியது. போகப்போக நீண்டு, தெற்கே மரக்காணத்தில் வந்து முடிந்தது. 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் கூலிக்கு வந்த பட்டினி ஜனங்களைக் கொண்டு சென்னைக்குள் அடையாற்றையும் கூவத்தையும் இணைத்து வெட்டினார்கள். அப்போதைய கவர்னர் பக்கிங்காம் பிரபுவின் பெயரை வைத்தார்கள். ஆந்திரத்தின் பெத்த கஞ்சத்திலிருந்து மரக்காணம் வரை 420 கிலோமீட்டர், அதில் 163 நம் மாநிலத்தில். மரக்காணத்து உப்பு படகேறித்தான் சென்னைக்குப் போனது. பாய் எடுக்காத நாளில் கரையில் ஆள் நடந்து கயிறு போட்டு இழுப்பார்கள். 2004 சுனாமி அன்று உள்ளே வந்த தண்ணீரில் பெரும் பகுதியை இந்தக் கால்வாய் வாங்கிக்கொண்டது என்பதையும் நன்றியோடு நினைக்க வேண்டும். 2008-இல் மத்திய அரசு காக்கிநாடாவிலிருந்து புதுச்சேரி வரை தேசிய நீர்வழி எண் 4 என்று அறிவித்தது. அந்த வரைபடத்தில் கழுவெளியும் இருக்கிறது. மரக்காணம் பக்கம் ஒரு சரக்குப் படகு ஓடி நான் பார்க்கவில்லை. பல இடங்களில் கால்வாய் மேடிட்டுச் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது. ஆயிரம் கிலோமீட்டர் திட்டம் வரும்போது வரட்டும். ஆலம்பரைக்கும் மரக்காணத்துக்கும் இடைப்பட்ட கொஞ்ச தூரத்தைத் தூர்வாரி, அந்த வேலையையும் உள்ளூர் ஆட்களுக்கே கொடுத்து, படகு போக விட முடியாதா?

பெரிய பெரிய யோசனைகள்தான் அரசுக்குப் பிடிக்கின்றன. 2022 ஜூனில் சென்னையிலிருந்து ஒரு சொகுசுக் கப்பலை விட்டார்கள். புதுச்சேரி அரசு முதலில் அதைக் கரைக்கு அருகில் விடவில்லை. பிறகு 2025-இல் அனுமதித்தது. அந்தக் கப்பல் போனால் எங்கள் கரைக்காரர்கள் அடிவானத்தில் விளக்கைப் பார்க்கலாம், வேறொன்றும் கிடைக்காது. முகத்துவாரத்தில் கற்சுவர் எழுப்பி மீன்பிடித் துறைமுகம் கட்டும் திட்டம் பசுமைத் தீர்ப்பாயம் வரை போயிருக்கிறது. அலையில் படகை இறக்கவும் ஏற்றவும் குப்பத்துக்காரர்கள் படும் பாடு எனக்குத் தெரியும், துறைமுகம் கேட்பது அவர்கள் உரிமை. ஆனால் ஏரி மூச்சு விடுகிற வாய் அதுதான். அங்கே கல்லைக் கொட்டுவதற்கு முன் ஆயிரம் முறை யோசிக்க வேண்டும். பாய்மரப் படகுக்கு அந்த இடத்தில் ஒரு கல்லைக்கூட நகர்த்த வேண்டியதில்லை. கரையில் ஒரு மரப் படிக்கட்டு, ஒரு கொட்டகை, ஒரு கழிப்பறை. பெண்கள் வருகிற இடத்தில் கழிப்பறை இல்லாமல் சுற்றுலா பேசக் கூடாது.

நடைமுறையில் ஒரு சிக்கல் இருக்கிறது. வடகரை, அதாவது ஆலம்பரை, செங்கல்பட்டு மாவட்டம். தென்கரையில் அழகன்குப்பமும் மரக்காணமும் விழுப்புரம் மாவட்டம். ஒரே தண்ணீருக்கு இரண்டு ஆட்சியர்கள். அதோடு வனத்துறை, மீன்வளத்துறை, சுற்றுலாத்துறை, கால்வாய்க்கு நீர்வளத்துறை. விபத்து நடந்தால் எல்லாரும் வருவார்கள், நடக்குமுன் யாருடைய வேலை என்று யாருக்கும் தெரியாது. 2021-இல் உள்நாட்டுக் கலங்கள் சட்டம் புதிதாக வந்திருக்கிறது. இந்தச் சின்னப் படகுகளையும் ஒரு சட்டத்தின் கீழ்க் கொண்டுவந்து, பதிவு எண் கொடுத்து, வருஷத்துக்கு ஒருமுறை சோதித்து, காப்பீடு எடுக்க வைப்பது முடியாத காரியம் அல்ல. பிச்சாவரத்தில் துடுப்புப் படகுக்காரர்கள் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் கீழ் சீட்டு கொடுத்து, ஜாக்கெட் மாட்டிவிட்டு, குறுகலான வாய்க்கால்களுக்குள் கூட்டிப்போகிறார்கள். அங்கே நடப்பது இங்கே ஏன் நடக்காது?

சங்கம் என்று வைத்தால் இரு கரையின் குப்பங்களும் அதில் இருக்க வேண்டும். இருளர்களைக் கண்டிப்பாகச் சேர்க்க வேண்டும். பறவையும் சேறும் தண்ணீரும் அவர்களுக்குத் தெரிந்த அளவு அந்தக் கரையில் யாருக்கும் தெரியாது. படகின் முன்னால் உட்கார்ந்து வழிகாட்ட அவர்களை விடப் பொருத்தமானவர் இல்லை. அவர்கள் இறால் தடவும் இடங்களையும் நேரத்தையும் அவர்களே குறித்துக் கொடுக்கட்டும், அங்கே படகு போகாமல் இருக்கட்டும். மழை எச்சரிக்கை வந்தாலும் முகத்துவாரத்தில் நீரோட்டம் இழுத்தாலும் அன்றைக்குச் சவாரி இல்லை என்று சொல்லும் அதிகாரம், கல்லாவில் உட்காருகிறவரிடம் இல்லாமல், கரையில் நிற்கும் மூத்த மீனவரிடம் இருக்க வேண்டும். லங்காவியில் கேப்டன் மாட்டேன் என்றால் படகின் முதலாளியே வந்தாலும் கயிறு அவிழாது.

பாய் கட்டக் கற்றுத்தர நான் இருக்கிறேன். சென்னையில் 1911-இல் தொடங்கிய ராயல் மெட்ராஸ் படகுச் சங்கம் இருக்கிறது. புதுச்சேரியில் பாய்மரப் படகு ஓட்டுகிற இளைஞர்கள் இருக்கிறார்கள். கேட்டால் வருவார்கள் என்றே நினைக்கிறேன். மோட்டாரை முழுவதுமாகத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. கரையில் ஒரே ஒரு மோட்டார் படகு, ஆபத்துக்கு மட்டும், எரிபொருள் நிரப்பித் தயாராக நிற்க வேண்டும். அந்த என்ஜினை நான் காசு வாங்காமல் பார்த்துக்கொள்கிறேன்.

காணும் பொங்கலுக்கு ஆலம்பரையில் கூட்டம் நெரியும். திண்டிவனத்திலிருந்தும் மதுராந்தகத்திலிருந்தும் வேன் வைத்துக்கொண்டு வருவார்கள். குழந்தைகளை மடியில் வைத்துக்கொண்டு படகில் ஏறுவார்கள். அதற்கு முன்பாக இரண்டு ஆட்சியர்களும் குப்பத்துப் பஞ்சாயத்தாரையும் இருளர் குடியிருப்புப் பெரியவர்களையும் ஆலம்பரைக் கரையிலேயே ஒரு நாள் உட்கார வைத்துப் பேச வேண்டும். பாய்மரமும் கால்வாயும் அடுத்தடுத்த கூட்டங்களில் வரட்டும். முதல் கூட்டத்தில் மூன்று முடிவு போதும்: அந்தக் கரையில் எத்தனை படகுகள் சவாரிக்குப் போகின்றன என்ற பட்டியல், ஒரு படகுக்கு எத்தனை பேர் என்ற அளவு, குழந்தைகளுக்கான சின்ன அளவு உட்பட அத்தனை பேருக்கும் லைஃப் ஜாக்கெட் வாங்கப் பணம்.